குறைந்த செலவில் வீட்டுக் கணினி: புரொசசர், மதர்போர்ட் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வீட்டுக்குக் கணினி வாங்கப் புறப்படுகிறவர்கள், கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். புரொசசர் என்பது கணினியின் கணக்குகளைச் செய்யும் மையச் சில்லு; இன்டெல், ஏஎம்டி என்பவை அதைத் தயாரிக்கும் நிறுவனங்கள். மதர்போர்ட், சுருக்கமாக போர்ட், என்பது எல்லாப் பாகங்களையும் பொருத்தும் பலகை. விலைகளை வேண்டுமென்றே எழுதவில்லை. டொலரின் போக்கைப் பொறுத்து அவை மாதத்துக்கு மாதம் மாறுகின்றன.

பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுப் பாவனைக்கும் ஒரு கணினி வேண்டும். எந்த புரொசசர் போதும்?

இணைய வகுப்பு, வேர்ட், எக்செல், தமிழ்த் தட்டச்சு, யூடியூப், உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்துக்கான பைதன் பயிற்சி ஆகியவைதான் தேவை என்றால், நான்கு கோர்களும் (வேலை செய்யும் அலகுகள்) எட்டுத் திரெட்களும் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசைகள்) கொண்ட அண்மைத் தலைமுறை புரொசசர் ஒன்று தாராளமாகப் போதும். இன்டெலில் 2022 ஜனவரியில் வந்த கோர் ஐ3-12100 இதற்கு நல்ல அளவுகோல். காணொளித் தொகுப்பு, படங்களைத் திருத்துதல் போன்ற வேலைகளும் இடையிடையே உண்டு என்றால், ஆறு கோர் கொண்ட ஐ5-12400 அல்லது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பொருத்தமானது.

இவற்றுக்குக் கீழே செல்ரோன், பென்டியம், அத்லோன் என்ற பெயர்களில் இரண்டு கோர் புரொசசர்கள் கிடைக்கின்றன. சூம் வகுப்பும் பிரவுசரில் பத்துப் பக்கங்களும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது அவை திணறும். மொத்தச் செலவில் மிச்சமாகும் தொகையோ சிறியது. ஆகவே நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. அதோடு, எந்த புரொசசரை வாங்கினாலும் விண்டோஸ் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில்தான் இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றிவிட்டு “புரொசசர் மந்தம்” என்று குறை சொல்லும் வீடுகள் இங்கே நிறைய.

கடையில் ஐ7 கணினியே மலிவாகத் தருகிறார்கள். நீங்கள் ஏன் ஐ3 வாங்கச் சொல்கிறீர்கள்?

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள் மட்டுமே. மலிவாகக் கிடைக்கும் அந்த ஐ7 பெரும்பாலும் 2012 இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ7-3770 ஆகவோ, அதற்கு அடுத்ததாகவோ இருக்கும். 3770 இலும் நான்கு கோர், எட்டுத் திரெட். 12100 இலும் அதே நான்கு கோர், எட்டுத் திரெட். ஆனால் பத்து வருட இடைவெளியில் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை பெருகிவிட்டதால், புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7 ஐத் தெளிவாக முந்துகிறது. இன்டெல் பெயரில் கோட்டுக்குப் பின்வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை: 3770 என்றால் மூன்று, 8100 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு. விலைக்குறிப்பில் “கோர் ஐ7” என்று மட்டும் எழுதியிருந்தால் முழு எண்ணையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் முறைப்படி ஆதரிப்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய கணினிகளில் குறுக்குவழியாக அதை ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. ஆனால் பிற்காலப் புதுப்பிப்புகள் தடையின்றி வரும் என்ற உறுதி அதற்கு இல்லை.

பெயரின் கடைசியில் எஃப் என்று ஓர் எழுத்து இருக்கிறது, விலையும் குறைவு. அதை வாங்கலாமா?

தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வாங்காதவர்கள் வாங்கக் கூடாது. ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் போன்றவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது. மதர்போர்ட்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது. ஏஎம்டியின் ஏஎம்4 (புரொசசர் உட்காரும் சொக்கெட்டின் பெயர்) வரிசையில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஜி என்ற எழுத்து உள்ளவற்றில்தான் கிராபிக்ஸ் உண்டு. 5600ஜி யில் படம் வரும். 5600 இலும் 5500 இலும் வராது. அடுத்து வந்த ஏஎம்5 இல் 7600 போன்ற பெரும்பாலானவற்றில் அடிப்படைக் கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப் போன்ற எஃப் வகைகளில் இல்லை.

இன்டெல் நல்லதா, ஏஎம்டி நல்லதா? ஏஎம்டி சூடாகும் என்கிறார்களே?

சூடாகும் என்ற பேச்சு 2017 இல் ரைசன் வருவதற்கு முந்தைய காலத்தது. 5600ஜி யின் மதிப்பீடு 65 வாட்ஸ். 12100 இன் அடிப்படை மதிப்பீடு 60, உச்சத்தில் 89. இரண்டுக்கும் பெட்டியுடன் வரும் ஃபேனே போதுமானது, நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும்கூட, கணினியைச் சுவரோடு ஒட்டி அலுமாரிக்குள் அடைக்காத வரையில்.

கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் சிறிய விளையாட்டுகள் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 5600ஜி மேலானது. அதன் உள்ளமைந்த கிராபிக்ஸ் 12100 இல் இருப்பதைவிட வலுவானது. படிப்பு, அலுவலக வேலை மட்டும் என்றால் 12100 மலிவாக முடியும். இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறவர்களிடம், உங்கள் ஊரில் எந்தப் போர்ட்டுக்கு உத்தரவாதத்தோடு கையிருப்பு உள்ளதோ அந்தப் பக்கம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் புரொசசரைத் தெரிவு செய்வதா, மதர்போர்ட்டையா?

இரண்டையும் சோடியாகத்தான் தெரிவு செய்ய வேண்டும். இரண்டோடு நினைவகமும் (ரேம்) சேரும். ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ள சொக்கெட் குறிப்பிட்ட சில தலைமுறைகளை மட்டுமே ஏற்கும். இன்டெலில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1155, நான்காவதற்கு 1150, பத்துக்கும் பதினொன்றுக்கும் 1200, பன்னிரண்டு முதல் பதினான்கு வரை 1700. இடையில் 1151 என்ற சொக்கெட் ஆறு முதல் ஒன்பது வரை இருந்தாலும், ஆறு, ஏழுக்கான போர்ட்டில் எட்டும் ஒன்பதும் இயங்காது. பாவித்த பொருட்களை வாங்குகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

ஏஎம்டியில் ஏஎம்4 என்ற ஒரே சொக்கெட் ரைசன் 1000 முதல் 5000 வரை நீடித்தது. 2022 இல் ஏஎம்5 வந்தது. ஒரே சொக்கெட் என்பதால் எதுவும் எதிலும் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக, மலிவாகக் கிடைக்கும் ரைசன் 3 3200ஜி யை ஏ520 அல்லது பி550 சிப்செட் (போர்ட்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு) உள்ள போர்ட்டில் போட்டால், அது உட்காரும், ஆனால் அந்தச் சிப்செட்கள் அதை ஆதரிப்பதில்லை. போர்ட் தயாரிப்பாளரின் தளத்தில் ஒவ்வொரு மொடலுக்கும் ஆதரிக்கப்படும் புரொசசர்களின் பட்டியல் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன்னர் கடையில் நின்றே கைப்பேசியில் அதைப் பார்த்துவிடலாம்.

எச்610 போர்ட் தரம் குறைந்தது என்கிறார்கள். பி760 தான் வாங்க வேண்டுமா?

ஐ3-12100 அல்லது ஐ5-12400 உடன் வீட்டுப் பாவனைக்கு வாங்குகிறவருக்கு, எல்ஜிஏ1700 இன் மலிவுச் சிப்செட்டான எச்610 போதும். அதில் குறைவது வேகமல்ல, வசதிகள். நினைவகத்துக்கு இரண்டு ஸ்லொட்கள் மட்டுமே உண்டு; யூஎஸ்பி துளைகள் குறைவு; எம்.2 எஸ்எஸ்டிக்கு (போர்ட்டில் நேராகச் செருகும் வகை) பொதுவாக ஒரே ஸ்லொட், அதுவும் பிசிஐஇ என்ற தரவுப் பாதையின் 3.0 வேகத்தில். பி760 இல் பெரும்பாலும் இரண்டு எம்.2 ஸ்லொட்கள் 4.0 வேகத்தில் இருக்கும். வேர்ட் திறப்பதிலும் விண்டோஸ் தொடங்குவதிலும் இந்த வேறுபாட்டைக் கண்ணால் உணர முடியாது. அந்த விலை வித்தியாசத்தை நினைவகத்துக்கும் நல்ல பவர் சப்ளைக்கும் செலவிடுவது புத்திசாலித்தனம்.

ஆனால் எச்610 போர்ட்களுக்குள்ளேயே வேறுபாடு பெரியது. மிக மலிவானவற்றில் எம்.2 ஸ்லொட்டே இல்லாதவையும் உண்டு. புரொசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதியும் அவற்றில் சிறிதாகவே இருக்கும். அவற்றில் ஐ7 போட்டால் நீண்ட வேலையின்போது அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் ஏற்கெனவே விஜிஏ துளை மட்டும் உள்ள பழைய மொனிட்டர் இருக்கிறதென்றால், போர்ட்டிலும் விஜிஏ இருக்கிறதா என்று பாருங்கள். எச்610 போர்ட்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது, விலை கூடிய போர்ட்களில்தான் அது மறைந்து வருகிறது. வைஃபை பெரும்பாலான மலிவு போர்ட்களில் கிடையாது. ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் கேபிளே மேல்.

டிடிஆர்4 வாங்குவதா, டிடிஆர்5 வாங்குவதா?

இவை நினைவகத்தின் இரண்டு தலைமுறைகள். எல்ஜிஏ1700 போர்ட்களில் இரண்டு வகையும் உண்டு. ஆனால் ஒரு போர்ட்டில் பொதுவாக ஒரு வகையைத்தான் போட முடியும், வெட்டுக் குறியின் இடம் வேறு என்பதால் மற்றது உட்காராது. ஏஎம்4 முழுவதும் டிடிஆர்4, ஏஎம்5 முழுவதும் டிடிஆர்5. முதல் கேள்வியில் சொன்ன வேலைகளுக்கு இரண்டுக்கும் இடையே உணரத்தக்க வேறுபாடு இல்லை.

2025 இன் பிற்பகுதியிலிருந்து, நினைவகத் தொழிற்சாலைகள் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் பக்கம் திரும்பியதால், உலகச் சந்தையில் இரண்டு வகைகளின் விலையும் வெகுவாக ஏறியது. ஆகவே இப்போது வீட்டில் பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 நினைவகம் இருந்தால், அதை ஏற்கும் போர்ட்டை வாங்குவதே செலவைக் குறைக்கும் மிகப் பெரிய வழி. நினைவகம் சேர்ந்த மொத்த விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள். போர்ட்டின் விலையை மட்டும் பார்த்து டிடிஆர்5 க்குப் போய்விட வேண்டாம்.

16 ஜிபி ஒன்றா, 8 ஜிபி இரண்டா?

இரண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கென நினைவகம் இல்லாமல் கணினியின் நினைவகத்தையே பாவிப்பதால், இரண்டு துண்டுகளும் ஒன்றாக இயங்கும் இரட்டைத் தடத்தில் அது குறிப்பிடத்தக்க அளவு வேகமாகும். 5600ஜி யில் இது மிகத் தெளிவாகத் தெரியும். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு 8 ஜிபி தான் இப்போது முடியும் என்றால் அதோடு தொடங்கி, பின்னர் இன்னொன்றைச் சேர்க்கலாம்.

கேசிங்குடன் 500 வாட்ஸ் பவர் சப்ளை இலவசமாக வருகிறதே, அது போதாதா?

எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அது போதுமானதுதான்; நான்காம் கேள்வியில் சொன்ன வாட்ஸ் கணக்கின்படி இந்தக் கணினிகளுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆனால் கேசிங்குடன் வருவனவற்றில் பலவற்றின் ஒட்டியில் எழுதியிருப்பதை அவற்றால் தர முடியாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது காக்கும் சுற்றுகளும் பெயரளவில்தான் இருக்கும். அது எரியும்போது போர்ட்டையும் சேர்த்துக்கொண்டு போவதுண்டு. 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றுள்ள, தனியாக உத்தரவாதம் தரப்படும் 450 வாட்ஸ் ஒன்று போதும்.

பாவித்த போர்ட், புரொசசர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பாவித்த புரொசசரை ஓரளவு துணிந்து வாங்கலாம். அது பழுதாவது அரிது. போர்ட் அப்படியல்ல. கல்லடி, காத்தான்குடி முதல் கல்முனை, அக்கரைப்பற்று வரையான கடலோர வீடுகளில் உப்புக் காற்று போர்ட்டின் ஈய ஒட்டுகளையும் துளைகளின் உலோகத்தையும் மெல்ல மெல்ல அரிக்கிறது. யூஎஸ்பி, ஒலித் துளைகளின் ஓரத்தில் துரு, பச்சை நிறப் பூச்சு, வெள்ளைப் படிவு ஆகியவை இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 2024 நவம்பர் வெள்ளம் போன்ற சமயங்களில் நீர் புகுந்த கணினிகளும் கழுவிக் காயவைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. திருகுத் துளைகளைச் சுற்றியும் ஸ்லொட்களுக்கு உள்ளேயும் படிந்த வண்டல் கழுவினாலும் முழுதாகப் போகாது, அங்கே பாருங்கள்.

இன்டெல் போர்ட்டில் ஊசிகள் சொக்கெட்டில்தான் இருக்கின்றன. மூடியைத் திறந்து கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் வளைந்த ஊசி வரிசை குலைந்து தெரியும். அப்படியொன்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஏஎம்4 இல் ஊசிகள் புரொசசரில் இருக்கின்றன. கூலரைக் குளிர்ந்த நிலையில் நேராக மேலே இழுத்தால், காய்ந்த பசை புரொசசரையும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். சிறிது நேரம் இயக்கிச் சூடாக்கி அணைத்த பின்னர் மெதுவாகத் திருகி எடுக்கும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். பாவித்த புரொசசரோடு புதிய போர்ட் என்பதே என் விருப்பம்.

இணையத்தில் எக்ஸ்99 போர்ட்டும் 14 கோர் சியோனும் சேர்த்து மிக மலிவாக விற்கிறார்கள். வாங்கினால் என்ன?

அந்தச் சியோன்கள் தரவு நிலையங்களில் பாவித்துக் கழிக்கப்பட்ட சேவர் புரொசசர்கள். பரவலாக விற்கப்படும் சியோன் இ5-2680 வி4 இல் 14 கோர் இருப்பது உண்மை. ஆனால் அதன் மதிப்பீடு 120 வாட்ஸ், உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, ஒவ்வொரு கோரும் 2016 ஆம் ஆண்டின் வேகத்திலேயே இருக்கிறது, விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. கிராபிக்ஸ் கார்டையும் மின்கட்டணத்தையும் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். போர்ட் பழுதானால் திருப்பிக் கொடுக்க இங்கே ஆளும் இல்லை. நாள் முழுக்கக் காணொளி மாற்றும் வேலை செய்கிறவருக்கு ஒருவேளை பொருந்தலாம், பிள்ளையின் படிப்புக்கு அல்ல.

கொழும்பில், யூனிட்டி பிளாசாவில் இன்னும் மலிவாம். போய் வாங்கி வரலாமா?

யூனிட்டி பிளாசா இருக்கும் பம்பலப்பிட்டியில் தெரிவு அதிகம், விலையும் பல வேளைகளில் குறைவுதான். ஆனால் உத்தரவாதத்துக்கு விற்ற கடைக்கே திரும்ப வேண்டும். பயணச் செலவையும் பொருள் திரும்பி வரும் வரையான நாட்களையும் கணக்கில் சேர்த்து, அதன் பிறகும் லாபம் என்றால் போங்கள். எங்கே வாங்கினாலும் புரொசசரையும் போர்ட்டையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பொருத்திப் படம் வருவதைப் பார்த்த பின்னர் பணம் கொடுங்கள். இரண்டு கடைகளில் வாங்கிப் படம் வராவிட்டால், ஒருவர் மற்றவரின் பொருளில் பழுது என்பார்.

பற்றுச்சீட்டின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். எரிந்த தடம், உடைவு, துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி நம் நாட்டுப் பற்றுச்சீட்டுகளில் வழக்கமானது. ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு அதில் 14 நாட்களைக் கழிக்கும் வரியும் சிலவற்றில் இருக்கும். கடலோரத்தில் வசிப்பவருக்குத் துரு பற்றிய வரி சும்மா இல்லை.

மாரி இடிமின்னலில் மதர்போர்ட் எரிந்துவிட்டது. யூபிஎஸ் இருந்தும் எப்படி?

மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. செப்புத் தொலைபேசிக் கம்பி, கூரை மேல் உள்ள டிஷ் அன்டெனா, ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிள் ஆகியவற்றின் வழியாகவும் வரும். அப்போது முதலில் போவது போர்ட்டின் லேன் துளைதான். ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ஃபைபர் ரவுட்டரின் அடாப்டர் சுவர் மின்சாரத்தில்தானே இருக்கிறது. ஆகவே ஒக்டோபர், நவம்பரிலும் சித்திரை மாதப் பின்னேரங்களிலும் வானம் இருட்டினால், மின்செருகியையும் லேன் கேபிளையும் இரண்டையும் கழற்றி வைப்பதே காப்பு. மேலும், மின்னழுத்தப் பாதுகாப்புப் பலகைகள் முழுமையாக வேலை செய்ய வீட்டில் ஒழுங்கான எர்த் வேண்டும். கேசிங்கைத் தொட்டால் விறுவிறுக்கும் வீட்டில் எர்த் இல்லை என்று பொருள். கணினிக்கு முன்னர் மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

யூபிஎஸ் என்பது எழுதிய வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிடங்கள் தருவதற்கான பொருள். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பலர் அதை வைத்தே வகுப்பு நடத்த முயன்று பற்றரியைக் கெடுத்துக்கொண்டார்கள். மின்சாரம் திரும்பும் கணத்தில்தான் அழுத்தம் தாறுமாறாக இருக்கும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியதை நினைத்துக்கொண்டு, மின்சாரம் வந்து சற்று நேரம் கழித்தே கணினியைப் போடுங்கள்.

புதுப் போர்ட், புதுப் புரொசசர், பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும் படம் வரவில்லையே?

பயோஸ், அதாவது கணினியைத் தொடக்கும் போர்ட்டின் உள் மென்பொருள், பழையதாக இருக்கலாம். எச்610, பி660 போர்ட்கள் பன்னிரண்டாம் தலைமுறையோடு வந்தவை. நெடுநாள் கடையில் கிடந்த ஒன்றில் பதின்மூன்று அல்லது பதினான்காம் தலைமுறையைப் போட்டால் புதுப்பிக்கும் வரை தொடங்காது. பி450 உடன் ரைசன் 5000 க்கும் இதே கதைதான். புரொசசரே இல்லாமல் யூஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் வசதி மலிவு போர்ட்களில் அரிது என்பதால், கடையிலேயே பழைய புரொசசர் ஒன்றைப் போட்டுப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு முன்னர், உங்களுடையது எஃப் வகையா என்று மூன்றாம் கேள்வியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் 13, 14 ஆம் தலைமுறைகள் பழுதாகின்றன என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. புரொசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டு நாளடைவில் தன்னையே கெடுத்துக்கொள்ளும் குறை அது. ஐ7, ஐ9 வகைகளிலும் பெயரில் கே எழுத்துள்ள ஐ5 களிலும் இருந்தது. 2024 ஓகஸ்ட் முதல் இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது, பாதிக்கப்பட்டவற்றுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. ஐ3 களும் கே இல்லாத ஐ5 களும் பன்னிரண்டாம் தலைமுறையும் இதில் அடங்காது என்று இன்டெல் அறிவித்திருக்கிறது. பாவித்த 13 ஆம் தலைமுறை ஐ7 மலிவாக வந்தால் மட்டும் விலகி நில்லுங்கள்; ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் சரிசெய்யாது.

பின்னர் புரொசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று இப்போதே ஏஎம்5 வாங்கினால் நல்லதல்லவா?

கேட்க நியாயமாக இருக்கிறது. எல்ஜிஏ1700 இல் இனிப் புதிய தலைமுறை கிடையாது, இன்டெல் 2024 இல் 1851 க்குப் போய்விட்டது. ஏஎம்4 உம் முடிவுக்கு வந்துவிட்டது. ஏஎம்5 ஐ 2027 வரையும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில், வீட்டுக் கணினியில் புரொசசரை மட்டும் மாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. எஸ்எஸ்டி சேர்ப்பார்கள், நினைவகம் சேர்ப்பார்கள், பிறகு ஏழெட்டு வருடம் கழித்து முழுவதையும் மாற்றுவார்கள். அவர்கள் ஒருபோதும் பாவிக்காத வசதிக்காக, ஏறிய விலையில் டிடிஆர்5 வாங்குவது வீண்.

பிள்ளை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ கணினித் துறையில் படிக்கப் போகிறான், அல்லது பின்னர் கிராபிக்ஸ் கார்ட் சேர்க்கும் எண்ணம் உறுதியாக இருக்கிறது என்றால் ஏஎம்5 க்குப் போகலாம். அப்போது ஏ620 போர்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அவற்றில் பல 65 வாட்ஸ் புரொசசர்களுக்கே வடிவமைக்கப்பட்டவை. பின்னர் பெரிய புரொசசர் போடும் நோக்கத்தோடு வாங்குகிறவருக்கு பி650 தான் பொருந்தும்.